பூ மாதிரி ஏறும் ஷட்டர்

சேரப்பணஞ்சேரியில் பாஞ்சாலி வீட்டுக் கார் ஷெட்டின் ஷட்டர் பாதி உயரத்தில் நிற்கிறது. அதன் நேர் கீழே, மத்தியான வெயிலின் விளிம்பில், அவள் மகள் பூஜா சொப்பு வைத்து விளையாடுகிறாள். "எண்ணெய் மட்டும் வுடுப்பா. பூ மாதிரிதான் ஏறுது," என்கிறாள் பாஞ்சாலி. வெளியே ஏணியில் நிற்கும் மெக்கானிக் இசக்கியப்பன் டார்ச் அடித்து மேலே பார்க்கிறான். பாரத்தைத் தாங்க வேண்டிய ஸ்பிரிங்குகள் இரண்டும் அறுந்து கிடக்கின்றன. அறுந்த முனைகளில் பழந்துரு; ஷட்டரைத் தாங்க வேறெதுவும் இல்லை. தெருவில் கம்பெனி பஸ் போகிறது, ஏணி அதிர்கிறது, ஷட்டர் அதிரவில்லை. அவன் ஏணியிலிருந்தே குனிந்து கூப்பிடுகிறான். "பாப்பா, மெதுவா எந்திச்சு வெளிய வா." அவள் சொப்புகளை ஒவ்வொன்றாகப் பாவாடையில் அள்ளிக்கொண்டு வருகிறாள். வந்தவள் யாருமில்லாத இருண்ட ஷெட்டுக்குள் திரும்பிப் பார்க்கிறாள். "கை வலிக்குதா? இப்ப வுட்டுடு," என்கிறாள். நூறு கிலோ தகரமும் தடாலென்று விழுகிறது.