கொஞ்சம் வைக்கோல்

அணில்கள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறிக் கோபுரமாக நின்று ஆடும் போட்டியில், போன வருஷம் உச்சி அணில் விழுந்து கால் ஒடிந்தது.

"தரையில கொஞ்சம் வைக்கோல் போடுங்கய்யா," என்று அது நடுவர் ஆமையிடம் கேட்டது. ஆமை இதுவரை எதன் மேலும் ஏறியதில்லை.

"கமிட்டியில வெச்சுப் பேசுறோம்."

பேசினார்கள். இந்த வருஷம் விதிப்புத்தகம் இரண்டு மடங்காகியிருந்தது. வாலில் கட்டும் ரிப்பனுக்கே பதினோரு பக்கம். வைக்கோலைக் காணோம்.

நொண்டியபடி வந்த அணில் புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தது. "அப்ப இதையாவது கீழே போடுங்க. மெத்தை கனத்துக்கு இருக்கே."

ஆமை நிதானமாகப் பக்கம் புரட்டியது.

"தரையில எதுவும் கிடக்கக்கூடாதுன்னு விதி இருக்கேம்மா. யாராவது தடுக்கி விழுந்துட்டா?"