ஆட்டுக்கறியில் இரண்டு கரண்டி உப்பு

ஆட்டுக்கறியை உப்பால் வாயில் வைக்க முடியவில்லை என்று விடுதி அறையிலிருந்து போன் வந்ததும், சாப்பாட்டுக் கடைக்காரர் கன்னையா, முருகன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். தன் கடைச் சாப்பாட்டைத் திட்டினால் குளிர்ந்துபோகும் முதலாளி வோட்டுவாலேவு ஊர் முழுக்கத் தேடினாலும் அவர் ஒருவர்தான்.

உப்பைப் போட்டதே அவர்தான். சமையல்காரன் சிவன் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் டப்பாவைத் திறந்து இரண்டு கரண்டி.

மே மாதம் தீவில் ஆட்சியைக் கவிழ்த்ததிலிருந்து ஊரிலுள்ள இந்தியர்களெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். கன்னையாவின் சமையல்காரர்களில் இரண்டு பேர் பிரிஸ்பேன் போய்விட்டார்கள். மிச்சம் சிவன்தான். அவனும் கிளம்பினால் கடைக்குப் பூட்டு. கன்னையாவுக்கு வெந்நீர்கூட ஒழுங்காக வைக்க வராது.

இந்த நேரம் பார்த்து செசில் வந்து இறங்கினார். எண்பத்தேழில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பின்போதே நாட்டை விட்டுப் போய் ஆக்லாந்தில் பெரிய ஓட்டல் வைத்திருப்பவர். ஆள் எடுக்க வந்திருக்கிறார் என்று டாக்ஸிக்காரர்கள் சொன்னார்கள். விடுதியில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு கடையிலிருந்தும் சாப்பாடு வரவழைத்து ருசி பார்த்தார். கன்னையா கடையிலிருந்து அவருக்குப் போன முதல் சாப்பாடுதான் அந்த உப்புக் கறி.

மறுநாள் பருப்பில் உப்பே இல்லை. அதற்கடுத்த நாள் ரொட்டி கரி. நான்காம் நாள் யாருக்கோ போகவேண்டிய சைவச் சாப்பாடு செசிலுக்குப் போனது. மற்ற கடைகளை ஒரு நாளோடு விட்டவர் இங்கே மட்டும் ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று கன்னையா யோசிக்கவில்லை. கெட்ட நாக்கு என்று விட்டுவிட்டார்.

போன் எடுப்பது கன்னையாவின் மனைவி சுஷீலா. எரிந்து விழும் குரலை முழுக்கக் கேட்டுக்கொள்வாள், தப்பு எங்களுதுதான் என்பாள், வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள் என்று வேறு சாப்பாடு அனுப்பிவிட்டு, சாப்பிட்டாரா என்று அவளே கூப்பிட்டுக் கேட்பாள். வைக்கும்போது அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

சிவன்தான் பாவம், இளைத்தே போனான். தன் கைக்கு என்ன கேடு வந்ததோ என்று அழுதான். "எனக்கு உன் சமையல் போதும்டா" என்று கன்னையா அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் தட்டினார்.

ஆறாம் நாள் செசில் நேரிலேயே வந்துவிட்டார். கன்னையா சிவனைக் கொல்லைப்பக்கம் வெங்காயம் உரிக்க விரட்டிவிட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். செசில் சுஷீலாவிடம் ரொம்ப நேரம் பேசி, ஏதோ ஒரு ஃபாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

கன்னையா ஓடிவந்து, சிவனைக் கூட்டிக்கொண்டு போகிறாரா என்று கேட்டார்.

"சிவன் இங்கதான் இருப்பான், பயப்படாதீங்க" என்றாள் சுஷீலா, ஃபாரத்தின் நகலை மடித்துக்கொண்டே. "சமைக்க அங்க ஆளு நெறைய இருக்காம். கோவமா போன் பண்றவங்களைச் சமாளிக்கத்தான் ஆளில்லையாம். நான் வரேன்னு சொல்லிட்டேன்."