இடப்பக்கத்து நாற்காலி

"நம்ம அமைச்சர் ஸ்பூனை எடுக்கிற வரைக்கும் நீங்க எடுக்கக் கூடாதுங்க ஐயா. அவர் கீழ வச்சுட்டா நீங்களும் வச்சுடணும்."

கண்ணாயிரம் தலையாட்டினார். புதுச் சட்டையின் கழுத்துப் பட்டன் தொண்டையை இறுக்கியது.

வெளிநாட்டு அமைச்சர் ஒருவருக்கு மரக்காணம் கடற்கரை ஓட்டலில் அரசு விருந்து. யார் எங்கே உட்கார வேண்டும் என்று பார்ப்பதும், இப்படிச் சொல்லிக் கொடுப்பதும் வைஜெயந்தியின் வேலை. உப்பளத் தொழிலாளர் சங்கத் தலைவர் என்று கண்ணாயிரத்துக்கும் ஒரு நாற்காலி ஒதுக்கியிருந்தார்கள்.

"நடுவுல நம்ம அமைச்சர். அவருக்கு வலப்பக்கம் விருந்தாளி. பதவி குறையக் குறைய நாற்காலி தள்ளிப் போகும்."

"நான் எங்கம்மா?"

நீள மேசையின் கோடிக்கு முந்திய நாற்காலியைக் காட்டினாள்.

"அவ்வளவு தூரமா? அமைச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்மா. உப்பளத்தை எடுத்துட்டு ஆலை கட்டப் போறாங்களாம். அத்தனை குடும்பமும் தெருவுக்கு வந்துடும்."

"மேசைக்குக் குறுக்கே பேசக் கூடாதுங்க. நடுவுல எழுந்து போகவும் கூடாது. வலப்பக்கம், இடப்பக்கம் இருக்கிறவங்ககிட்ட மட்டும்தான் பேசலாம்."

கண்ணாயிரத்தின் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. "வலப்பக்கம் வெள்ளைக்காரர். இடப்பக்கத்து ஆளை மத்தியானம்தான் மாத்தினாங்க. இப்ப வர்றவர் நல்லாத் தமிழ் பேசுவாருங்க" என்றாள்.

இடப்பக்கம் வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். உட்காரும் முன்பே கை கூப்பினார். சூப்புக்கு எந்த ஸ்பூன் என்று கண்ணாயிரம் திணறியபோது, தன்னுடையதை லேசாக உயர்த்திக் காட்டினார். கோழித் துண்டு முள்கரண்டிக்குப் பிடிபடாமல் தட்டில் வழுக்கி ஓடியதும், "கையாலயே சாப்பிடுங்கண்ணே, நானும் சாப்பிடறேன்" என்று தன் கத்தியை ஒதுக்கி வைத்தார்.

அதில் உருகிப்போனார் கண்ணாயிரம். மனுவோடு ஏறி இறங்கிய எந்த ஆபீசிலும் அவரை உட்காரக்கூடச் சொன்னதில்லை.

"நீங்க அமைச்சருக்கு வேண்டியவருங்களா?"

"நான் பேசினா கேட்பார். சொல்லுங்கண்ணே, என்ன கஷ்டம்?"

கண்ணாயிரம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"கேஸ் போட்டிருக்கோங்க. உப்பளத்துல உப்பு விளைஞ்சுக்கிட்டிருக்கிற வரைக்கும் எங்களை யாரும் காலி பண்ண முடியாதுன்னு வக்கீல் சொல்றார்."

"அப்புறம் என்னண்ணே பயம்?"

கண்ணாயிரம் குரலைத் தாழ்த்தினார். "தண்ணிதாங்க பயம். உப்புத் தண்ணி வர்ற வாய்க்கால், சகாதேவன்னு ஒருத்தனோட பட்டா நிலத்து வழியா வருது. அந்த நிலத்தை வாங்கறவன் வாய்க்காலை அடைச்சா உப்பளம் செத்துச்சு. அவன் பொண்ணு செந்தமிழுக்கு கிட்னி போயிடுச்சு. கல்யாணம் ஆவாதுன்னு ஊர்ல யார்கிட்டயும் சொல்லாம வச்சிருக்கான். 'நிலத்தை வித்துடட்டுமாண்ணே'ன்னு என்கிட்ட வந்து அழுவறான். நான்தான் கையைப் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்கேன். என் வார்த்தையை மீற மாட்டான்."

"பாவம்" என்றார் அவர். குரல் நிஜமாகவே கரகரத்தது. "கவலைப்படாதீங்க. நான் பார்த்துக்கறேண்ணே."

அன்றிரவு கண்ணாயிரம் நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் உப்பளத்தில், உப்பு வாரும் பெண்களிடம் அந்த மனிதரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். "பெரிய இடம். ஆனா என்கூடக் கையால சாப்பிட்டாரும்மா!"

"அது இருக்கட்டும்ணே, வாய்க்கால்ல தண்ணி வரலையே?" என்றாள் ஆண்டாள்.

கண்ணாயிரம் வரப்பில் ஓடினார். வாய்க்கால் தலைப்பில் ஜே.சி.பி. மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தது. பாதி வாய்க்கால் மேடாகிவிட்டது. கரையில் தனியாக நின்றிருந்த சகாதேவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"வித்துட்டியாடா பாவி? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

சகாதேவன் புரியாமல் விழித்தான். "என்னண்ணே இப்படிக் கேக்கற? ராத்திரி ஆலை முதலாளியே வீட்டுக்கு வந்தாரு. 'உங்க அண்ணன் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டுட்டு நேரா வர்றேன்'னாரு. செந்தமிழ் பேரைச் சொல்லி, ஆபரேஷனை நான் பார்த்துக்கறேன்னாரு. அது உன்னைத் தவிர யாருக்குண்ணே தெரியும்? நீ சொல்லித்தான் அனுப்பியிருக்கேன்னு நம்பிக் கையெழுத்துப் போட்டுட்டேண்ணே!"