அடுத்த சைஸ் பொட்டு

டாக்டர் நூர்ஜகான் டார்ச்சை ராணியம்மாளின் நெற்றிக்கு நேரே பிடித்துத் தேடினார்.

வெள்ளை இல்லை. புருவங்களுக்கு நடுவே அரிசி மணி அளவுக்கு ஒரு வெளிறல், அவ்வளவுதான்.

"போட்டோவுல அவ்ளோ பெருசா இருக்குது, இப்ப காணோமேம்மா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் ஆண்டாள் செல்போனை மறுபடி நீட்டினாள். போன வருஷம் அம்மா எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று எடுத்த படம். நெற்றி நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளை.

அந்த வெள்ளையால்தான் ஆண்டாளின் கல்யாணம் நிற்கிறது.

உளுந்தூர்பேட்டை மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. ஆனால் அம்மாவுக்கு இருப்பது நாளைக்குப் பெண்ணுக்கும் வரும், பேரப்பிள்ளைக்கும் வரும், டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்று சொல்லியனுப்பினார்கள்.

ராணியம்மாளுக்குப் பொட்டு ஒட்டும் இடத்தில் முதலில் வெறும் அரிப்புதான். பிறகு மிளகு அளவுக்கு வெளுத்தது.

கத்திரிக்காயை நிறுத்தினாள். கருவாட்டை நிறுத்தினாள். சோப்பை மாற்றினாள்.

அவள் புருஷன் கண்ணாயிரம் அமாவாசைக்கு அமாவாசை வெள்ளிமலைக்கு பஸ் ஏறினார். பச்சிலை வாங்கி வந்து தானே அரைத்து, தானே பூசிவிட்டார்.

காய்ந்ததும், ஊரார் கண்ணில் படாமலிருக்க அதன் மேலேயே மறுபடி ஸ்டிக்கர் பொட்டு. அதையும் அவரேதான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வளையல் கடையில் கேட்டு வாங்கி வருவார். வெள்ளை பொட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தால், அடுத்த சைஸ்.

"இன்னாங்க இது, எனக்கு நெத்தியா தோசக்கல்லா?"

"எடுப்பாத்தான் கீது. வெச்சிக்கோ, ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்."

சில நாள் பொட்டு அட்டையை அவர் மேலேயே விட்டெறிந்திருக்கிறாள். உன் பச்சிலையும் வேணாம், உன் பொட்டும் வேணாம் என்று. அவர் அதைப் பொறுக்கிக் கண்ணாடி ஓரத்தில் செருகி வைப்பார். காலையில் அவளும் அதிலிருந்து ஒன்றைப் பிய்த்து ஒட்டிக்கொள்வாள்.

டாக்டர் டார்ச்சை அணைத்தார்.

"இது ரத்தத்துல வர்ற வியாதி இல்லீங்க. ஸ்டிக்கர் பொட்டோட பசை உங்க தோலுக்கு ஒத்துக்கல. அலர்ஜி. முதல்ல அரிக்கும், அப்புறம் நிறம் போயிடும். பொண்ணுக்கெல்லாம் வராது. மாப்பிள்ளை வூட்ல வேணும்னா நானே பேசறேன்."

ஆண்டாள் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ராணியம்மாளின் மனசு பசை என்ற சொல்லிலேயே நின்றுவிட்டது. பொட்டு பெரிதாகப் பெரிதாக, அடியில் வெள்ளையும் பெரிதாகியிருக்கிறது. வளையல் கடையில் ஆம்பிளையாய் அவர் போய் நின்று, இதைவிடப் பெரிசு இருக்குதா என்று கேட்டிருப்பார். கடைக்காரன் சிரித்துமிருப்பான்.

டாக்டர் பேனாவை எடுத்தார்.

"இதுக்கு மருந்தே பொட்டை விடறதுதான். யாரும் சொல்லாம நீங்களாவே நிறுத்தியிருக்கீங்களே, கெட்டிக்காரம்மா நீங்க. எப்ப நிறுத்துனீங்க?"

ஆண்டாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நானா எங்க நிறுத்துனேன்," என்றாள் ராணியம்மாள். "அவரு கருமாதி அன்னிக்கு எடுத்துட்டாங்க."