பத்து லட்சத்துப் பதினெட்டாயிரத்து எண்பத்தொன்று

எண்ணூற்று எண்பத்தேழாலும் வகுபடவில்லை.

அவர் அடுத்த எண்ணுக்குப் போனார். ஸ்கேன் உறையின் பின்பக்கம் முழுக்க வகுத்தல் கணக்குகள். இடம் போதாமல் ஓரத்தில் பொடியாக எழுதினார்.

உள்ளே அவருடைய மனைவி கோமதிக்கு இதய ஆபரேஷன். காலை ஏழு மணிக்குக் கொண்டுபோனார்கள். நாலு மணி நேரம் ஆகும் என்றார்கள். இப்போது மணி ஒன்றரை.

அவளுடைய அட்மிஷன் நம்பர் 1018081.

முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியார். பஸ் டிக்கெட் நம்பரைக்கூட வகுத்துப் பார்க்காமல் விட்டதில்லை. ஆனால் இன்று காலை அவர் செய்தது வேறு. இந்த எண் பகா எண்ணாக இருந்தால், ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் வகுபடாமல் நின்றால், கோமதி பிழைத்துக்கொள்வாள். மனசுக்குள் அப்படிச் சொல்லிவிட்டார். சொன்னதைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

வகுபட்டால்?

அதை நினைக்கவே பயமாக இருந்தது.

பக்கத்தில் கொழுந்தியாள் உலகம்மை, மடியில் பையோடு. காலையில் அம்மன் கோயிலில் பூக் கேட்டுவிட்டு வந்தவள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். சன்னிதியில் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் நல்லது, சிவப்பு வந்தால் ஆகாது. வந்த பூ அவள் பையில் இருந்தது.

வந்தவுடன் சொன்னாள்.

"வெள்ளப் பூதான் அத்தான் வந்துது. பயப்படாதிய."

"ரெண்டுல ஒண்ணு வரத்தான செய்யும். பூவுக்கு என்னட்டி தெரியும்?"

ஊருக்குத்தான் உபதேசம். சிரித்துக்கொண்டே உறையை அவள் பார்க்காதபடி திருப்பிக்கொண்டார்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. மீதி நூற்று நாற்பத்து நாலு.

முடிந்தது.

ஆயிரத்துக்குள் இருக்கும் பகா எண்கள் நூற்று அறுபத்தெட்டு. வருடா வருடம் பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைத்த பட்டியல். ஒன்றையும் விடவில்லை. எதாலும் வகுபடவில்லை. அவருக்கு அழுகை வந்தது.

பேனாவை மூடினார்.

மூடிய பிறகுதான் ஞாபகம் வந்தது. ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம்தான். இந்த எண் அதற்கும் மேலே. பட்டியல் ஆயிரத்தோடு நின்றுவிட்டது, கணக்கு நிற்கவில்லை. தன்னைத்தானே பெருக்கினால் இந்த எண்ணைத் தாண்டாத பகா எண், ஆயிரத்துக்கு மேல் இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி.

ஆயிரத்து ஒன்பது.

ஒரு வாத்தியார் செய்யக்கூடிய தப்பா இது?

பேனாவைத் திறந்தார். வகுத்தார்.

மீதி இல்லை.

ஈவும் ஆயிரத்து ஒன்பதுதான். மறுபடி பெருக்கிப் பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார்.

தியேட்டர் கதவுக்கு மேலே எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது.

"உலகம்மை, அந்தப் பூவ எங்கிட்டக் குடு."

அவள் நிமிரவில்லை. பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.