வெள்ளைப் பூ வந்தால்

“நெஞ்சுக்குள்ளே கரண்ட்டை வெச்சுக்கிட்டு நானு எப்படிங்க தூங்கறது?”

தம்பிதுரை கேட்ட கேள்வியில் ஆர்.எஸ்.புரத்து இதய டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரமடைக்குப் பக்கத்தில் கறிவேப்பிலைத் தோட்டம் வைத்திருப்பவர் தம்பிதுரை. அடுத்தடுத்து மயங்கி விழுந்தவரை மனைவி மயிலாத்தாளும் மகள் பிரத்யுஷாவும் இழுக்காத குறையாகக் கூட்டி வந்திருந்தார்கள்.

கறிவேப்பிலை வியாபாரி பஷீர் பாய்க்கு வைத்தது போல ஒரு பேஸ்மேக்கர் போதாதா என்று மகள் கேட்டாள். போதாது என்றார் டாக்டர். பாயின் இதயம் மெதுவாகத் துடித்தது. அந்தப் பெட்டி அதைத் தட்டிக்கொடுத்து ஓட வைக்கும். இவருக்கோ திடீர் திடீரென்று தறிகெட்டு ஓடுகிறது. ஓடும்போது ஷாக் கொடுத்து வழிக்குக் கொண்டுவருகிற வேறு வகைப் பெட்டி வேண்டும். தோலுக்கடியில் வைத்துவிட்டால் அது பாட்டுக்குக் காவல் காக்கும்.

“ஷாக் அடிச்சா வலிக்குமுங்களா?” என்றாள் மயிலாத்தாள்.

“மறைக்க வேண்டாம்மா. நெஞ்சுல மாடு உதைச்ச மாதிரி இருக்கும். ஆனா உயிர் இருக்கும். வெக்கலேன்னா, அடுத்த தடவை விழுந்தா எந்திரிப்பாருன்னு சொல்ல முடியாது.”

மயிலாத்தாளின் காது மாடு உதைத்ததோடு அடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு டாக்டர் சொன்னது எதுவும் உள்ளே ஏறவில்லை.

ஊசியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷன் தம்பிதுரை. வெளியிலோ புலிப்பால் கறந்தவர் மாதிரிதான் பேச்சு. பெட்டியும் வேண்டாம், சட்டியும் வேண்டாம் என்று டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லி வந்துவிட்டார். மகள் அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள். அவர் மசியவில்லை. மகள் அந்தப் பக்கம் போனதும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“புள்ள, நீயும் அவகூடச் சேந்துக்காதே. என்னை எப்படியாச்சும் இதுலருந்து காப்பாத்து.”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அவளிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

கடைசியில் தம்பிதுரையே ஒரு வழி சொன்னார். கருப்பராயன் கோயிலில் பூக் கேட்பது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூவும் இன்னொன்றில் சிவப்பும் வைத்து, பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். கிணறு வெட்டவும் கல்யாணம் முடிக்கவும் அந்தக் குடும்பம் அந்தச் சாமியைத்தான் கேட்கும். வெள்ளைப் பூ வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். பிரத்யுஷா கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். இதையெல்லாம் நம்ப மாட்டாள். ஆனாலும் பாதி வாய்ப்பாவது கிடைக்கிறதே என்று ஒப்புக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மயிலாத்தாள் குளித்து, அரளிப்பூப் பறித்து, வாழை இலையில் ஒன்று போல இரண்டு பொட்டலம் மடித்துக் கொடுத்தாள். பூசாரி அவற்றைச் சாமியின் காலடியில் குலுக்கிப் போட்டார். தம்பிதுரை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார்.

சிவப்பு.

எடுக்காத பொட்டலத்தைப் பூசாரி முறைப்படி பிரிக்காமலே கிணற்றில் போட்டார். தம்பிதுரை கையிலிருந்த பூவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, “பாத்தீங்களா, சாமியே வேண்டாம்னு சொல்லிப்போட்டாரு” என்று முன்னால் நடந்தார். பிரத்யுஷா கோயில் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

மாத்திரையை நம்பி நாள் ஓடியது. ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலை, லோடு ஏற்றும் வண்டிக்குப் பக்கத்தில் தம்பிதுரை விழுந்தார். டாக்டர் சொன்னது போலவே இந்த முறை எழுந்திருக்கவில்லை.

கருமாதி முடிந்து சொந்தபந்தம் கலைந்த பிறகு பஷீர் பாய் வந்தார். மயிலாத்தாளின் எதிரில் உட்கார்ந்தார்.

“ஒண்ணு சொல்லோணுமுங்க தங்கச்சி. மனசுல வெச்சுக்கிட்டுச் சோறு எறங்க மாட்டேங்குது. பூக் கேக்கறதுக்கு முந்தின நாளு கடைக்கு வந்தாருங்க. எஞ் சட்டைப் பொத்தானைக் கழட்டி, பேஸ்மேக்கரு மேல கைய வெச்சு வெச்சுப் பாத்தாரு. ‘பாய், நானு பொழைக்கோணும். மக கல்யாணத்தைப் பாக்கோணும். மொதல்ல பயந்துக்கிட்டு வேண்டாம்னு ஊரு பூராச் சொல்லிப்போட்டேன், இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மாத்திப் பேசறது? வெள்ளைப் பூ வந்துட்டா, சாமி சொல்லிருச்சுன்னு பேசாம போய்ப் படுத்துக்குவேன். வெள்ளை வரோணும்னு நீங்களும் துவாச் செய்யுங்க’ன்னு அழுதாருங்க. நானும் செஞ்சேன். பலிக்காமப் போச்சு.”

உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த பிரத்யுஷா வெடித்து அழுதாள். “இனி அந்தக் கோயில் படிய நான் மிதிக்க மாட்டேம்மா. எங்கப்பன் ஆசைப்பட்டு ஒரு வெள்ளைப் பூக் கேட்டதுக்கு, குடுக்க மனசு வரலையே அந்தச் சாமிக்கு.”

மயிலாத்தாளால் தலையை நிமிர்த்த முடியவில்லை. பாவம், சாமி என்ன செய்யும்? காப்பாத்து என்று கெஞ்சிப் பிடித்த அந்தக் கையை நினைத்து நினைத்து, அவள் மடித்துக் கொடுத்த இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளிதான் இருந்தது.