சேறு ஒட்டாத கார்

சேறு ஒட்டவில்லை.

செல்வராசா இரண்டு கையாலும் அள்ளி காரின் பொனற்றில் அப்பினான். ஒரு கணம் நின்றது. பிறகு மெல்ல வழுக்கிக்கொண்டு வந்து நிலத்தில் பொத்தென்று விழுந்தது.

"என்னத்தை அத்தான் பூசி வச்சிருக்கிறியள்? நெய்யோ?"

"மெழுகு," என்றார் மரியநேசன்.

வேறொரு நாளில் கேட்டிருந்தால் உட்காரவைத்து விளக்கியிருப்பார்.

பின் சீற்றில் அவருடைய மகள் யூலியானா பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். பிள்ளை குறுக்காகக் கிடக்கிறது, புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் இரண்டு உயிரும் தப்பும் என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டுப் போயிருந்தா.

முள்ளியவளையிலிருந்து போகிற தெரு வெட்டவெளி. காலையிலிருந்து மேலே வேவு விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. அது கண்டு சொன்னால் குண்டு போடுகிறவன் வருவான்.

தட்டையான கண்ணாடி வெயிலை ஒரு பக்கத்துக்குத்தான் எறியும். காரின் உடம்பு வளைவானது. அது எல்லாப் பக்கமும் எறியும், வானத்தில் எந்த மூலையில் நின்று பார்த்தாலும் தெரியும். ஓலை கட்டினால் ஓட்டத்தில் பறந்துவிடும். அதனால்தான் வன்னியில் வாகனங்களெல்லாம் சேறு பூசிக்கொண்டு திரிந்தன.

இந்தக் கருநீலக் கார் மட்டும் நேற்று வாங்கியதுபோல மினுங்கியது.

கார் கருவாட்டு வியாபாரி ஹமீட்டுடையது. தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம் சனங்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, அவர் காரின் திறப்பை மரியநேசனின் கைக்குள் வைத்துப் பொத்திவிட்டுப் போனார். எட்டு வருசமாகிறது.

மரியநேசன் கடற்கரையில் வள்ளங்களுக்கு பெயின்ற் அடித்தவர். உப்புக்காற்று பெயின்றை எப்படித் தின்னும் என்று அவருக்குத் தெரியும். முதலில் மினுக்கினார். ஆனால் மினுக்குவதோடு வேலை முடிவதில்லை. மினுக்கிய பெயின்றுக்கு மேலே ஒரு தோல் வேண்டும். கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை உருக்கி, இளஞ்சூட்டில் மண்ணெண்ணெயோடு குழைத்துப் பூசினார். மண்ணெண்ணெய் காற்றோடு போய்விடும், மெழுகு தங்கும்.

பிறகு அதைக் காப்பாற்ற வேண்டும். புழுதியைக் காய்ந்த துணியால் துடைக்கக் கூடாது, மணல் கீறிவிடும். காக்கை எச்சத்தை ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். சவர்க்காரம் கிட்டவும் வரக் கூடாது, அது மெழுகைக் கழற்றிவிடும். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாகத் திரண்டு ஓட வேண்டும். பரவிப் படிந்தால் மெழுகு போய்விட்டது என்று அர்த்தம்.

நேற்றும் தெளித்துப் பார்த்திருந்தார். நல்லாய் ஓடியது.

சேற்றிலும் பாதி தண்ணீர்தானே.

"மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சால் கழண்டிடும்," என்றான் செல்வராசா.

"இருக்கிறது ஒரு போத்தல். பெற்றோல் இல்லாத ஊரில கார் ஓடுறதும் அதிலதான்."

மரியநேசன் குனிந்து கிணற்றடி மணலை அள்ளினார். பொனற்றில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார்.

மணல் கீறும் அந்தச் சத்தம் வரவிடாமல் எட்டு வருசம் அந்தக் காரைக் காத்தவர் அவர்தான்.

கூரை, கதவுகள், டிக்கி. கருநீலம் சாம்பலானது. கை முழுக்க நீலமானது.

"ஹமீட் நானாவுக்கு நான் என்னத்தைச் சொல்லுவன்?"

"இவளையும் பேரப்பிள்ளையையும் கொண்டுபோய்க் காட்டுங்கோ. மனுசன் ஒண்டும் சொல்லாது."

இப்போது சேறு பிடித்தது. அப்பிய இடத்திலேயே நின்றது. செல்வராசா ரயர்களுக்கு சைக்கிள் பம்பால் காற்றடித்து முடித்தான். ஜெயபுரத்தில் உழவு மெசின் ஓட்டியவன், நேற்றுத்தான் அக்காவின் மகளைப் பார்க்க வந்திருந்தான். எண்ணெயை வீணாக்கக் கூடாது என்று ஸ்ரார்ட் பண்ணுவதைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள்.

எஞ்சினைச் சுழற்றும் கம்பியை முன்னால் செருகித் திருப்பப் பார்த்தான்.

கம்பி அசையவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தான். பிறகு அதன்மேல் ஏறி நின்று மிதித்தான். கார்தான் குலுங்கியது. யூலியானா முனகினாள்.

செல்வராசா இறங்கிப் பொனற்றைத் தூக்கினான். உள்ளே எஞ்சின் துருவேறி இறுகிக் கிடந்தது.

கார் மினுங்கியதைக் கண்டவுடனேயே இது ஓடும் என்று அவன் நினைத்துவிட்டிருந்தான். கேட்க வேண்டுமென்றே தோன்றவில்லை.

"அத்தான், இதைக் கடைசியா எப்ப ஸ்ரார்ட் பண்ணினனீங்கள்?"

மரியநேசனுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை.

"நானோ? மற்ற ஆளின்ர வாகனத்தை நான் ஏன் ஓட்டுவான்? நானா நிப்பாட்டின மாதிரியே வச்சிருக்கிறன்."

சொல்லி முடித்த பிறகுதான் விளங்கியது.

பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. யூலியானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை நிலத்தில் ஊன்றினாள்.

"அப்பா, சைக்கிளை எடுங்கோ."